பாஸ்வேர்டு யாரிடம் இருந்தது?

அச்சகம் நடத்துகிறவர்களுக்கு ஏப்ரல் மாதம் எப்போதுமே நெருக்கடிதான். 2014 ஏப்ரல் அதைவிட மோசம். 14ஆம் தேதி அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளுக்கு ஒரு சிறு நூலை 5,000 பிரதி அடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தோம். 24ஆம் தேதி தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல். அதற்கான நோட்டீஸ் வேலைகள் வேறு குவிந்து கிடந்தன. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் சர்வர் படுத்துக்கொண்டது.

நாங்கள் என்றால் நான்கு பேர். மதுரையில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். கம்போசிங், பைண்டிங், மெஷின் என்று ஆளுக்கொரு அச்சகத்தில் கூலிக்கு இருந்துவிட்டு, கடன் வாங்கிச் சொந்தமாகத் தொடங்கியவர்கள். டிடிபி செய்யும் தம்பி தங்கைகள், கணக்கு எழுதும் அக்கா எல்லோருக்குமாகச் சேர்த்து பதினொரு கம்ப்யூட்டர். நடுவில் ஒரு சர்வர். அதில் இருந்தது விண்டோஸ் ஸ்மால் பிசினஸ் சர்வர் 2011. எழுபத்தைந்து பேர் வரை உள்ள சிறு நிறுவனங்களுக்காகவே வந்த மென்பொருள் அது. யார் உள்ளே நுழையலாம் என்று பார்ப்பது, கோப்புகளைக் காப்பது, மின்னஞ்சலைக் கையாள்வது என்று எல்லா வேலையையும் ஒரே பெட்டி செய்யும். வசதிதான். ஆனால் அந்த ஒரு பெட்டி முடங்கினால் எல்லாம் முடங்கும்.

2012இல் அதை அமைத்துக் கொடுத்தவர் திறமைசாலி. வேலையில் குறை சொல்ல முடியாது. அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை எழுதிக் கொடுங்கள் என்று அப்போதே கேட்டோம். “அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க? ஒரு போன் போட்டா நான் வந்துருவேன்” என்றார். நாங்களும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டோம். அந்தச் சிரிப்புக்கான விலையைத்தான் இரண்டு ஆண்டு கழித்துக் கொடுத்தோம்.

மார்ச் 26ஆம் தேதி, புதன்கிழமை. காலையில் ஒரு கம்ப்யூட்டரில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால், உள்ளே நுழையப் பத்து நிமிடம் ஆயிற்று. நுழைந்த பிறகும் சர்வரில் இருக்கும் கோப்புறைகள் திறக்கவில்லை. பக்கத்துக் கம்ப்யூட்டர் நன்றாக வேலை செய்தது. மதியம் அதுவும் போயிற்று. வியாழக்கிழமை மாலைக்குள் ஏழு கம்ப்யூட்டர்கள் அப்படியே ஆகிவிட்டன. ஆனால் எல்லாவற்றிலும் இணையம் மட்டும் ஜோராக ஓடியது. வைரஸ் என்றார் ஒருவர். ஹார்டு டிஸ்க் போகப்போகிறது என்றார் இன்னொருவர்.

கணக்கு அக்கா மட்டும் ஒன்று சொன்னார். “போன வாரம் பிராட்பேண்டுக்காரத் தம்பி வந்து புது பெட்டி மாட்டிட்டுப் போச்சுல்ல, அதுல ஏதாச்சும் இருக்குமா?”

“அது வந்து ஒரு வாரம் ஆச்சுக்கா. அன்னிக்கு எல்லாம் நல்லாத்தானே ஓடுச்சு” என்று அவர் வாயை அடைத்துவிட்டோம்.

பழைய ஆள் போன் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வேறொருவரை அழைத்து வந்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி: “அட்மின் பாஸ்வேர்டு என்ன?” ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். “பாஸ்வேர்டு இல்லாம நான் என்னத்தப் பாக்குறது? அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுருவோம்” என்றார். காரணத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை. உள்ளே போகச் சாவி இல்லாததால் வீட்டையே இடித்துக் கட்டலாம் என்று முடிவாயிற்று. தலையாட்டியவர்கள் நாங்கள்தான்.

பாதுகாப்புக்காக இரண்டாவது டிஸ்க்கில் இருந்த எங்கள் வேலைக் கோப்புகளை நகல் எடுத்தார். நகல் எடுக்க, சர்வரில் செருகியிருந்த யுஎஸ்பி டிஸ்க்கை ஃபார்மட் செய்தார். அதில்தான் தினசரி பேக்கப் இருந்தது என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பிறகு முதல் டிஸ்க்கை அழித்து, புதிதாக நிறுவி, டொமைனுக்குப் பழைய பெயரையே வைத்தார். சனிக்கிழமை மாலை நான்கு கம்ப்யூட்டர்களைப் புது டொமைனில் சேர்த்தார்.

அங்கேதான் வயிற்றில் புளி கரைத்தது. உள்ளே நுழைந்தால் திரை வெறுமையாக இருந்தது. பாதி முடித்த பக்கங்கள், பிள்ளைகளின் படங்கள், சேமித்து வைத்த எழுத்துருக்கள், ஒன்றும் காணோம். அழிந்துபோகவில்லை, அந்த கம்ப்யூட்டருக்குள்ளேயே வேறொரு பழைய பெயரில் கிடந்தன. சர்வரில் உள்ள கோப்புறையைத் திறந்தால் அனுமதி இல்லை என்றது. அனுமதிப் பட்டியலில் எங்கள் பெயர்கள் இருந்த இடத்தில் நீளநீளமான எண்கள். கடைசியில் நான்கில் இரண்டு கம்ப்யூட்டர்கள் மறுபடியும் பழைய மாதிரியே இழுத்தன. “நாளைக்கு வந்து பாக்குறேன்” என்று அவர் கிளம்பிவிட்டார்.

அந்த எண்கள் என்ன என்பதை அன்றிரவு இணையத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். விண்டோஸ் டொமைன் ஒருவரை அவர் பெயரால் அடையாளம் காண்பதில்லை. கணக்கு உருவாகும்போதே தரப்படும் ஒரு நீண்ட எண்தான் அடையாளம். டொமைனுக்கும் அப்படி ஓர் எண் உண்டு. பழைய பெயரிலேயே புது டொமைன் உருவாக்கினாலும், அந்தப் பெயரிலேயே ஆட்களைச் சேர்த்தாலும், எண்கள் வேறு. கோப்புகளைப் பொறுத்தவரை நாங்கள் அந்நியர்கள். எங்கள் அச்சகத்தில், எங்கள் கையால் செய்த வேலையை, எங்களையே தொடவிடாமல் அது நிறுத்தி வைத்திருந்தது.

ராத்திரி பத்து மணி இருக்கும். அக்கா வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். தன் டைரியை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். அச்சகத்துக்கு யார் வந்தாலும், எதற்கு வந்தார்கள் என்று ஒரு வரி எழுதுவது அவர் பழக்கம். மார்ச் 19, புதன்: பழைய ரவுட்டரைக் கழற்றிப் புது ரவுட்டர் மாட்டினார்கள். சிக்கல் தொடங்கியது 26. சரியாக ஏழு நாள்.

அந்த ஏழு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடினோம். விடை கிடைத்தது. எங்கள் பிணையத்தில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது சர்வர். டிஹெச்சிபி என்று அந்தச் சேவைக்குப் பெயர். கொடுக்கும் முகவரிக்கு எட்டு நாள் தவணை. புது ரவுட்டரும் தானே முகவரி கொடுக்கும்படி அமைக்கப்பட்டு வந்திருந்தது. ஸ்மால் பிசினஸ் சர்வரின் குணம், பிணையத்தில் இன்னொரு டிஹெச்சிபி இருப்பதைக் கண்டால் தன்னுடையதை நிறுத்திக்கொள்வது. நிறுத்திக்கொண்டது. அன்றே ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் எல்லா கம்ப்யூட்டரிடமும் பழைய முகவரி இருந்தது. ஏழாம் நாள் ஆகும்போது, புதுப்பித்துக் கொடுக்கச் சர்வர் வராததால், யார் கொடுத்தாலும் சரி என்று அவை கேட்கத் தொடங்கும். ரவுட்டர் கொடுத்தது. கூடவே, பெயர் விசாரிக்க வேண்டிய டிஎன்எஸ் முகவரியாக வெளியே இருக்கும் பிராட்பேண்டு நிறுவனத்தின் முகவரியையும் கொடுத்தது. எங்கள் சர்வர் எங்கே என்று வெளியூரில் போய் விசாரித்தால் யாருக்குத் தெரியும்? விசாரித்து விசாரித்து அலுத்து, பத்து நிமிடம் கழித்து உள்ளே விட்டது. இணையம் மட்டும் நன்றாக ஓடியதற்கும் அதுவே காரணம்.

சரிபார்க்க, இழுத்துக்கொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டரில் ஐபிகான்ஃபிக் கட்டளையை முழு விவரத்தோடு கொடுத்துப் பார்த்தோம். டிஹெச்சிபி சர்வர் என்ற வரியில் இருந்தது ரவுட்டரின் முகவரி. ரவுட்டரின் பக்கத்துக்குள் போய் அந்தச் சேவையை அணைத்தோம். சர்வரில் மறுபடி தொடங்கினோம். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் அரை நிமிடத்தில் உள்ளே போயிற்று.

ஒரே ஒரு குறியை எடுத்துவிட்டிருந்தால் புதன்கிழமையே தீர்ந்திருக்க வேண்டிய வேலை. அதற்கு நாங்கள் சர்வரையே அழித்திருந்தோம். அழித்த பிறகும் நோய் போகவில்லை, ஏனென்றால் அது அழித்த இடத்தில் இல்லை.

இனி பழைய டொமைனை மீட்க வேண்டும். பேக்கப் டிஸ்க் ஃபார்மட் ஆகிவிட்டதே என்று தலையில் கைவைத்தபோது அக்கா சொன்னார்: “இன்னொன்னு எங்க வீட்டு பீரோவுல இருக்கு.” சனிக்கிழமைதோறும் ஒன்றைக் கழற்றி இன்னொன்றைச் செருகி, கழற்றியதை வீட்டுக்கு எடுத்துப் போகும்படி பழைய ஆள் அவரிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு ஆண்டாக ஒரு வாரம் தவறாமல் செய்திருக்கிறார். மார்ச் 22 அன்று கழற்றியது பீரோவில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வேலைக் கோப்புகள் இருந்த இரண்டாவது டிஸ்க்கைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, பேக்கப்பிலிருந்து சர்வரை மீட்டோம். பழைய சர்வர் எழுந்து வந்தது. எழுந்ததும் கேட்டது, அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு.

அக்கா 2012 டைரியைப் புரட்டினார். பழைய ஆள் ஒருமுறை வர முடியாமல், போனிலேயே வழி சொல்லி அவரைச் செய்யவைத்திருக்கிறார். அப்போது ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னதை அவர் எழுதி வைத்திருந்தார். அதை அடித்தோம். திறந்தது.

ஏழு கம்ப்யூட்டர்கள் ஒன்றும் நடக்காததுபோல வேலைக்கு வந்தன. புது டொமைனில் சேர்த்திருந்த நான்கையும் விலக்கிப் பழையதில் சேர்த்தோம். திரைகளில் பிள்ளைகளின் படங்கள் திரும்பி வந்தன. ஒரு வாரத்து மின்னஞ்சல் போனது போனதுதான். அனுப்பியவர்களிடமே கேட்டு வாங்கினோம். நூல் ஏப்ரல் 12 இரவு மூட்டை கட்டிப் போயிற்று.

இது சாதியால் வந்த சிக்கல் என்று சொல்லமாட்டோம். ரவுட்டருக்குச் சாதி தெரியாது. ஆனால் “உங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்” என்ற சொல் எங்களுக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறோம், தாலுகா அலுவலகத்தில் கேட்டிருக்கிறோம். தெரிந்தவர் தெரிந்ததைத் தன்னிடமே வைத்துக்கொண்டால், தெரியாதவர் என்றைக்கும் அவர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். இதை மேடையில் எத்தனையோ முறை பேசிய நாங்கள், எங்கள் சொந்த இயந்திரத்தின் பாஸ்வேர்டை இன்னொருவர் வைத்திருக்க அனுமதித்தோம்.

அதைவிட உறுத்துவது வேறு. பாஸ்வேர்டு எங்கள் அச்சகத்திலேயே இருந்தது. பேக்கப் இருந்தது. காரணம் என்ன என்ற யூகமும் இருந்தது. மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தன. அவரிடம் நாங்கள் கேட்கவில்லை. கணக்கு எழுதுகிறவருக்கு சர்வரைப் பற்றி என்ன தெரியும் என்று எங்களில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் நடந்துகொண்டோம். வெள்ளிக்கிழமை வந்தவர் “பாஸ்வேர்டு என்ன” என்று கேட்டபோது நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோமே, அறை ஓரத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. ஏன் அப்போதே சொல்லவில்லை என்று பிறகு கேட்டோம். “நான் சொன்னதைத்தான் முந்தின நாளே தள்ளிட்டீங்களே” என்றார்.

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

இப்போது சர்வர் அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, தமிழில், பெரிய எழுத்தில். முகவரி கொடுப்பது சர்வர் மட்டும், ரவுட்டர் அல்ல. சர்வரின் டிஎன்எஸ் அதே சர்வர்தான், வெளி முகவரி எதையும் பக்கத்தில் சேர்க்கக் கூடாது. எது கெட்டாலும் முதலில் பார்க்க வேண்டியது, கடைசியாக எது மாறியது என்பது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்க்க வேண்டும். பாஸ்வேர்டு ஒட்டிய உறையில், இரண்டு வீடுகளில்.

ஸ்மால் பிசினஸ் சர்வர் 2011க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. அதற்கு முன்பே நாங்கள் வேறொன்றுக்கு மாறிவிட்டோம். அந்த மாற்றத்தை எந்த நாளில், எந்த வரிசையில் செய்வது என்று திட்டம் போட்ட கூட்டத்தில் முதலில் பேசியவர் அக்கா.

சென்ற மாதம் பிராட்பேண்டுக்காரர்கள் மறுபடியும் பெட்டியை மாற்ற வந்தார்கள். மாட்டிவிட்டுப் பையை எடுத்த பையனை அக்கா நிறுத்தினார். “தம்பி, டிஹெச்சிபி ஆஃப் பண்ணியாச்சா?” அவன் எங்களைப் பார்த்தான். நாங்கள் அக்காவைக் காட்டினோம்.