ஆறிய சோறு



காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில், தறியில் அமரும் அண்டை வீட்டுத் தாய்மார்களின் மழலைகள் மூவர் பகலெல்லாம் என் பொறுப்பில் இருக்கின்றனர். சென்ற கோடையில், காலையில் வடித்த சோற்றைப் பிற்பகலில் சூடாக்கிப் பிசைந்து ஊட்டினேன். கெட்ட வாடை சிறிதுமில்லை. ஆயினும் அந்தி சாய்வதற்குள் ஒரு குழந்தை வாந்தியெடுத்துத் துவண்டது. "உங்களை நம்பித்தானே அக்கா விட்டேன்!" என்று தாய் கலங்கியபோது தலைகுனிந்தேன்.

குழந்தை தேறியபின் மருத்துவர் விளக்கினார்: வெளியில் ஆறிக் கிடக்கும் சோற்றில் கிருமி பெருகி நஞ்சு சுரக்கும், மீண்டும் சூடாக்கினாலும் அந்நஞ்சு அழியாது. சமைத்த உணவை 2 மணி நேரத்திற்குமேல் வெளியில் வைக்கலாகாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையும்.

இப்போது வேளைக்கு வேளை சிறிதளவே வடிக்கின்றேன். சோப்பிட்டுக் கை கழுவிய பின்னரே ஊட்டுகின்றேன். பிறர் பிள்ளை நம்மிடம் அமானிதமல்லவா!