கொழுப்பின் அளவறிவோம்

திருக்குறளில் ‘மருந்து’ எனும் 95-ஆம் அதிகாரம் பெரும்பாலும் உணவின் அளவையே பேசுகிறது. ஆண்டுதோறும் அதனை வகுப்பில் நடத்திவந்த நாம், நமது குருதியில் கொழுப்பின் அளவு யாது என நாற்பத்து நான்கு அகவை வரை அறிந்தோமில்லை. மெலிந்த உடல், நாள்தோறும் நடை. ஆகவே கொழுப்பு நம்மை அணுகாதென்று இறுமாந்திருந்தோம். அந்த இறுமாப்புக்கும் தமிழில் கொழுப்பு என்றே பெயர்!

நம் காக்கா ஐம்பத்தொரு வயதில் மாரடைப்பால் வஃபாத்தான பின்னரே பரிசோதனைக்குச் சென்றோம். மொத்தக் கொலஸ்ட்ரால் 262, எல்.டி.எல். 181, எச்.டி.எல். 36, டிரைகிளிசரைடு 225. தாளைக் கண்டு திகைத்தோம். உடலிலோ ஒரு வலியும் இல்லை.

மருத்துவர் பொறுமையுடன் விளக்கினார். கொலஸ்ட்ரால் முற்றும் பகையன்று. உயிரணுக்களின் சவ்வுக்கும் சில ஹார்மோன்களுக்கும் அது வேண்டும். அதன் பெரும்பகுதியை உடலே, சிறப்பாகக் கல்லீரலே, உண்டாக்குகிறது. எனவே மெலிந்தோர்க்கும் அது மிகலாம்; குடும்பவழியும் காரணமாகலாம். எல்.டி.எல். மிகுந்தால் இரத்தக்குழாய்ச் சுவரில் படியும், எச்.டி.எல். மிச்சத்தைக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொணரும். நூறு மில்லிலிட்டர் குருதியில் மொத்தம் 200 மில்லிகிராமுக்குள்ளும், எல்.டி.எல். 100-க்குள்ளும், டிரைகிளிசரைடு 150-க்குள்ளும் இருத்தல் நன்று. எச்.டி.எல். ஆடவர்க்கு 40-க்கும் பெண்டிர்க்கு 50-க்கும் குறையலாகாது. இதயநோய் உற்றவர்க்கு எல்.டி.எல். இன்னும் தாழ்ந்திருக்க வேண்டும்.

மாத்திரையாலும் உணவு மாற்றத்தாலும் ஆறு திங்களில் எல்.டி.எல். 98 ஆயிற்று. ‘குணமாகிவிட்டது’ என்றெண்ணி நாமே மாத்திரையை நிறுத்தினோம். நான்கு திங்களில் மீண்டும் 170! குறைந்தது அளவேயன்றி அதன் காரணம் அன்று என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

நிக்காஹ் விருந்தில் ஒரே சஹனில் நால்வராய் அமர்கையில், நெய் மிதக்கும் இறைச்சியைப் ‘போதும்’ என மறுப்பது விருந்தளிப்போரை அவமதிப்பதாகுமென்று காக்கா அஞ்சுவார், ஒருநாளும் மறுத்ததில்லை. இன்று நாம் மறுக்கிறோம்; எவரும் வருந்தியதில்லை. இதனை அவரிடம் சொல்லத்தான் வாய்ப்பில்லாது போயிற்று.

பெரியோர்களே, விருந்தில் இளையோரை வற்புறுத்தாதீர்கள். மாணவச் செல்வங்களே, பெற்றோர்க்கோ உடன்பிறந்தோர்க்கோ இளவயதில் மாரடைப்பு வந்திருப்பின், வலி வரட்டுமெனக் காத்திராது ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். உடல் இறைவன் தந்த அமானிதம்; அமானிதத்தின் கணக்கை அவ்வப்போது பார்ப்பது நம் கடமை.