ஸ்ட்ராத்ஃபீல்ட்ல ஒரு விலாசம்

அசைன்மென்ட் தொல்லையில இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே ரெண்டு மாசமாச்சு. நேத்து வீட்டுக்கார ஆன்ட்டி சொன்னது மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருக்கு, அதான் எழுதிடறேன்.

நண்பனோட நண்பன் மூலமா மதுரையில இருக்கும்போதே பேசி வச்ச ரூம் இது. ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்துல பழைய செங்கல் ஃப்ளாட். வந்த புதுசுல ஹோம்புஷ் மளிகைக் கடையில முருங்கைக்காயைப் பார்த்துட்டு, 'ஆஹா, நம்ம ஐ.டி. மக்கள் புடிச்ச ஏரியா'ன்னு நினைச்சேன். (நம்ம பொது அறிவு அவ்ளோதான் :-))

நிஜத்துல இந்தப் பகுதியில தமிழுக்கு இடம் பிடிச்சவங்க ஈழத்தமிழர்கள். வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை 1973ல முழுசா ஒழிஞ்சப்புறம் டாக்டர், என்ஜினியர்னு கொஞ்சப் பேர் வந்தாங்க. 1983 கறுப்பு ஜூலைக்கு அப்புறம்தான் குடும்பம் குடும்பமா.

"ஏன் ஆன்ட்டி இந்த ஏரியா?"ன்னு கேட்டேன்.

"ரயிலுக்காகத்தான் தம்பி. எங்களில ஒருத்தரிட்டையும் கார் இல்லை. இங்க இருந்தா எந்தப் பக்கமும் ரயில் எடுக்கலாம். இந்த ரெண்டு அறைக்குள்ள ஒன்பது பேர் இருந்தனாங்கள். நைட் ஷிஃப்டுக்குப் போறவர் எழும்பின பாயில, பகல் வேலை முடிச்சு வந்தவர் படுப்பார்."

ஒருத்தர் வந்து, தம்பியைக் கூப்பிட்டு, அவர் மச்சானைக் கூப்பிட்டு... கையில நாலு காசு சேர்ந்ததும் அதே ரயில் பாதையில மேற்கே வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபின்னு தோட்டத்தோட வீடு வாங்கிப் போயிட்டாங்க. மேஸ் ஹில்ல முருகன் கோயிலும் 1999ல எழும்பிடுச்சு. இப்ப ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷன் வாசல்ல கொரியன் போர்டுகள்தான் கண்ணுல படும்.

என் கிளாஸ்ல ஒரு மினாங் பையன், சுமத்ராக்காரன். ஆம்பளைங்க ஊரை விட்டுப் போய்ப் பிழைக்கறதுக்குன்னே அவங்க மொழியில ஒரு வார்த்தை இருக்கு, 'மெரந்தாவ்'. ஜகார்த்தாவுல தனா அபாங் சந்தையில அவங்க ஆளுங்க நிறைய. ஆனா ஊர்ல குடும்ப வீடு அம்மா வழியில அப்படியே இருக்கும், எப்பவும் திரும்பலாம். ஆன்ட்டியோட வீடு வலிகாமம் வடக்குல. 1990ல ஆமி பிடிச்ச பகுதிக்குள்ள போயிடுச்சு. போருக்கப்புறம் அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமா நிலம் திருப்பித் தந்தப்போ போய்ப் பார்த்திருக்காங்க. கிணறு மட்டும் இருந்துச்சாம்.

இப்ப மகன், ஃப்ளாட்டை வித்துட்டு டூங்காபிக்கு வாங்கன்னு கூப்பிடறார். ஆன்ட்டிக்கு மனசில்லை.

"ஊரில எத்தினை பேர் இந்த விலாசத்தை எழுதித்தான் விசா ஃபாரம் நிரப்பினவை தெரியுமே? ஆரும் வந்து கதவைத் தட்டினா?"

'இப்ப யாரு ஆன்ட்டி அப்படி வரப்போறாங்க, எல்லார்கிட்டயும்தான் ஃபோன் இருக்கே'ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அப்பதான் ஞாபகம் வந்துச்சு, ஃப்ளைட்ல குடுத்த கார்டுல நானும் இதே விலாசத்தைத்தான் எழுதினேன்.

சனிக்கிழமை ஏஜென்ட் வீடு பார்க்க வர்றாராம். ஹாலை நான்தான் ஒதுங்க வைக்கணும்.