காசு கொடுத்து வாங்கிய குளிர்

“யார் கூடப் போறீங்க?” விடுப்பு விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்கள். தனியாகத்தான் என்றேன். நாற்பத்தாறு வயதில், என் சம்பளத்தில் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில், நார்வேயின் வடக்கே ட்ரொம்சோவுக்கு. வீட்டில் வேறு கேள்வி: “அங்க என்ன இருக்கு?”

குளிர் இருக்கிறது. செஞ்சிக்காரிக்கு அது போதாதா? சித்திரையில் ராஜகிரிப் பாறைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் கக்கும். மாதவிலக்கு நிற்கும் வயதின் அனல் வேறு, பாடம் நடத்தும்போதே கழுத்தில் ஏறும். எங்கள் ஊர் பெண்ணின் பெருமையாகச் சொல்லும் கதையும் தீயில்தான் முடிகிறது: 1714இல் தேசிங்கு ராஜா போரில் மாண்டதும் அவர் மனைவி சிதையேறிய கதை.

ட்ரொம்சோ ஆர்க்டிக் வட்டத்துக்கு உள்ளே இருக்கிறது. ஆனாலும் அங்கே போக ஆய்வுக்குழுவில் இடம் தேட வேண்டியதில்லை. விசாவும் விமான டிக்கெட்டும் போதும். அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டத்தால் துறைமுகம் உறைவதில்லை. ஜனவரியிலும் குளிர் பெரும்பாலும் பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேதான். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை சூரியன் எழுவதில்லை. நண்பகலில் ஒரு நீல வெளிச்சம் வந்து போகும். வாடகைக்கு எடுத்த குளிருடையில் ஆறு பைகள். புடவையில் ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். அனல் ஏறியபோது ஜிப்பைத் திறந்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

“ஒரே பனிம்மா” என்றேன் போனில்.

“இங்கயும்தான். தலைக்குத் துண்டு கட்டிக்கோ” என்றாள் அம்மா. மார்கழிப் பனிக்கும் இதற்கும் ஒரே சொல். முனைவர் பட்டம் உதவிக்கு வரவில்லை.

தோழி சொல்லி அனுப்பியிருந்ததால், அங்கே வசிக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரைப் பார்க்கப் போனேன். 1980களிலிருந்து ஈழத்தமிழர் பலர் நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் மீன் ஆலைகளில் வேலை பார்த்திருக்கிறார்கள். இவரும் அங்கே வருடக்கணக்கில் மீன் வெட்டியவர்.

“காசு குடுத்தோ குளிருக்கு வந்தனீங்கள்?” என்று சிரித்தார். விரல்களை நீட்டிக் காட்டினார். நுனிகள் இப்போதும் விறைக்குமாம்.

வெட்கமாயிருந்தது. வந்தது தப்பென்று மட்டும் தோன்றவில்லை.

“வானத்துல பச்சை வெளிச்சம் பார்க்கத்தான் எல்லாரும் வர்றாங்க. நீங்க நிறையப் பார்த்திருப்பீங்களே, அக்கா?”

“வேலை முடிஞ்சு வரேக்குள்ள மேல பச்சையாக் கிடக்கும். அண்ணாந்து பாக்க எங்க நேரம்? பிள்ளையள் பசியோட இருக்குங்கள்” என்றபடி எனக்குத் தேநீர் ஊற்றினார்.