பதினேழு வண்டு

பெரட்டு முடிந்துவிட்டது, காலை ஆள்கணக்கு எடுத்தாயிற்று. லோரி ஆட்களை இறக்கிவிட்டுப் போன தடத்தில் சேறு இன்னும் கலங்கிக் கிடக்கிறது. குலை வெட்டுகிறவர்கள் பெரிய மரங்கள் பக்கம் நடந்துவிட்டார்கள். அவர்களில் தமிழ் முகம் இரண்டோ மூன்றோதான். மற்றவர்கள் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள். மறுநடவு செய்த இந்தப் பக்கத்தில் ஒரு அம்மா மட்டும் இருக்கிறார். நான் செம்மண் சாலையோரத்துச் சிறுபாலத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் என்னைப் பார்த்தார்; வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

தலையில் துண்டு, அதன்மேல் துணித் தொப்பி, முழுக்கைச் சட்டை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். ஒரு கையில் பழைய பெயிண்ட் டின். இடுப்பு வாரில் நுனி வளைத்த கம்பி.

செம்பனைக் கன்றுகள் அவர் தோள் உயரம்கூட வரவில்லை. நிரைக்கு நிரை நடுவே பயிற்றங்கொடி மண்ணை மூடிப் படர்ந்திருக்கிறது. நிரைகளைத் தாண்டி மேட்டில் ஒரு கம்பம். கம்பத்தில் ஒரு வாளி. வாளிக்கு மேல் கூட்டல் குறிபோலக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகிய இரண்டு தகரம். தகரங்களுக்கு நடுவே தொங்கும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் பை. இரண்டு ஹெக்டருக்கு ஒரு வாளி என்பது கணக்கு. தீனி கண்ட ஆண் வண்டு தன் இனத்தைக் கூப்பிடுவதற்கு ஒரு வாசனை விடும். அதை ஆய்வுக்கூடத்தில் செய்து அந்தப் பையில் அடைத்திருக்கிறார்கள். இருட்டியதும் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு வரும் வண்டு தகரத்தில் முட்டி வாளிக்குள் விழும். வழுக்கும் சுவரில் ஏற முடியாது. இறக்கை விரித்து எழும்ப இடமும் இருக்காது.

அம்மா வாளியைக் கழற்றுகிறார். உள்ளே கூழாங்கல்லை உருட்டுகிற மாதிரி சத்தம். கைவிட்டு ஒன்றை எடுக்கிறார். கட்டைவிரல் நீளம், கன்னங்கரேல் என்ற பளபளப்பு, மூக்கில் பின்னோக்கி வளைந்த கொம்பு. காண்டாமிருக வண்டு என்று பாடப்புத்தகத்தில் போட்டிருப்பார்கள். தோட்டத்தில் கொம்பு வண்டு. அவர் கொம்பைப் பார்க்கவில்லை. வண்டைத் திருப்பி அதன் பின்புறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். பிறகு டின்னில் போடுகிறார். அடுத்ததையும் அப்படியே.

மோட்டார் சைக்கிளில், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து நிற்கிறார். முப்பது வயதிருக்கும்.

“எத்தனக்கா?”

“பொறு தம்பி. ஆம்பள பொம்பள பிரிச்சிட்டுச் சொல்றேன்.”

“எல்லாம் ஒன்னுதானக்கா, நசுக்கிப் போடுங்க.”

“ஆபீஸ் கிராணி கேட்டா நீயா பதில் சொல்லுவ? பின்னால முடி இருந்தா பொம்பள. மொழுக்குன்னு இருந்தா ஆம்பள. பாத்துக்க.”

மண்டோர் குனிந்து பார்க்கிறார். சிரித்துக்கொண்டே நோட்டை எடுக்கிறார்.

பிரிப்பதில் அர்த்தமிருக்கிறது. ஒரு பெண் வண்டு தன் ஆயுளில் சுமார் ஐம்பது முட்டை இடும். இடும் இடம் கன்று அல்ல, மக்கிய மரம். அந்த மக்கிய மரம் இங்கே எங்கிருந்து வந்தது என்றால், காலடியிலேயே கிடக்கிறது. வயதான செம்பனையைச் சாய்த்து, இயந்திரத்தால் சீவித் துண்டாக்கி, வரிசையாகக் குவித்துவிட்டுத்தான் புதிய கன்று நடுகிறார்கள். ஒரு காலத்தில் தீ வைத்துக் கொளுத்தினார்கள். வண்டின் புழுவும் அதோடு போயிற்று. 1990களில் தோட்டங்கள் தீயை விட்டுவிட்டன. காற்றுக்கு நல்லது, மண்ணுக்கு உரம், சரியான காரியம்தான். ஆனால் ஈரத்தில் ஊறி மக்கும் தண்டு வெள்ளைப் புழுவுக்கு மெத்தை. நாலைந்து மாதம் அதைத் தின்று கொழுத்து, வண்டாகி, ஒரு ராத்திரி பறந்தால் பத்தடி தூரத்தில் இளங்குருத்து காத்திருக்கிறது. கொடியை அடர்த்தியாகப் படரவிடுவது இதற்காகவும்தான்: மூடிக் கிடக்கும் தண்டை வண்டு எளிதில் கண்டுபிடிப்பதில்லை.

அம்மா ஒரு கன்றின் முன் நிற்கிறார். விரிந்த மட்டையில் இலைகள் கத்தரியால் வெட்டியதுபோல முக்கோணமாகக் குறைந்திருக்கின்றன. குருத்து மடிந்திருக்கும்போது வண்டு துளைத்த துளை. மட்டை விரியும்போதுதான் வெளியே தெரிகிறது. இப்போது கண்ணில் படுவது பழைய காயம். புதிய காயம் குருத்தடியில், ஈரச் சக்கை பிதுங்கி நிற்கும் துளையில் இருக்கிறது. இடுப்புக் கம்பியை உருவி உள்ளே விட்டுத் திருகி இழுக்கிறார். கொம்பு வண்டு கம்பியில் குத்திக்கொண்டு வருகிறது. தமிழ்நாட்டுத் தென்னந்தோப்பில் நம் பாட்டன்மார் செய்ததும் இதே வேலை, இதே கம்பி. அம்மா குருத்தைத் தடவிப் பார்த்துவிட்டு நகர்கிறார். வளரும் முனைவரை துளை இறங்கியிருந்தால் கன்று பிழைக்காது. இது பிழைக்கும் போலிருக்கிறது.

தலைக்கு மேல் தாழ்ந்து ஒரு விமானம் சிப்பாங் பக்கம் இறங்குகிறது. மலேசியாவில் இந்தத் தோட்டம் இருக்கும் லாபுவிலேயே ஒரு விமான நிலையம் வரப்போகிறது என்று 2009 தொடக்கத்தில் பலமாகப் பேச்சு அடிபட்டு, அப்படியே கைவிடப்பட்டது. கன்றுகள் தப்பின, வண்டுகளும் தப்பின.

வண்டோடு தூரத்துச் சீமையிலும் இதே பாடுதான். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தருகே 2002இல் ஒரு மரகதப் பச்சை வண்டைக் கண்டார்கள். ஆசியாவிலிருந்து சரக்கு வந்த மரப்பெட்டிகளில் ஒளிந்து போயிருக்கும் என்று கணிக்கிறார்கள். பேஸ்பால் மட்டைக்குப் பேர்போன ஆஷ் மரத்தின் பட்டைக்கடியில் அதன் புழு சுரங்கம் தோண்ட, சாறு ஓடும் வழி அறுந்து மரங்கள் கோடிக்கணக்கில் பட்டுப்போயின. ஊதாநிறப் பொறிகளைக் கிளையில் தொங்கவிட்டார்கள், அடிமரத்தில் மருந்தூசி போட்டார்கள், சீனாவிலிருந்து குளவியைக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே மரம் சொந்த ஊர்க்காரன், வண்டு வந்தேறி. இங்கே தலைகீழ். செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதற்கு முன் நின்ற ரப்பர் பிரேசிலிலிருந்து வந்தது. பால் வெட்டியவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தார்கள். இந்த நிரையில் மண்ணின் மைந்தன் யாரென்றால், டின்னுக்குள் கால் உதைத்துக்கொண்டிருக்கும் கொம்பு வண்டு.

அதுவும் கப்பல் ஏறாமல் இல்லை. இலங்கையிலிருந்து போன ரப்பர் கன்றுகளோடு 1909இல் சமோவாத் தீவில் இறங்கி, அங்கிருந்த தென்னைகளைச் சூறையாடியது. அதற்கு மருந்து கிடைத்தது மலாயாவில். 1963இல் அலோய்ஸ் ஹூகர் என்ற ஜெர்மானிய அறிஞர், இங்குள்ள கொம்பு வண்டுப் புழுக்களைக் கொல்லும் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார். நான்கு ஆண்டில் அதைச் சமோவாவில் விட்டார்கள்; வண்டுக் கூட்டம் சரிந்தது. இந்த ஊர் வண்டு அந்த நோயோடு காலகாலமாகக் குடித்தனம் நடத்திப் பழகியது. அதனால் இங்கே வாளியும் கம்பியும் தேவைப்படுகின்றன.

மண்டோர் நோட்டை மூடாமல் நிற்கிறார். அம்மா கொடியை மிதித்து வழி பண்ணிக்கொண்டே பேசுகிறார்; அவரிடம் சொல்கிறாரா, தனக்கே சொல்லிக்கொள்கிறாரா தெரியவில்லை.

“நான் வேலைக்கு வந்த புதுசுல பவுடர் அடிக்கிற வேல. ஆம்பளப் பூ மாவ முகப்பவுடரோட கலந்து, பொம்பளப் பூவுல ஊதணும். பூவுக்குப் பூ போவணும். அப்புறம் என்னமோ சின்னதா ஒரு வண்டு கொண்டாந்து விட்டாங்க. அதோட பவுடர் வேல போச்சு. இப்ப இந்தப் பெரிய வண்டால வாளி வேல.”

அவர் சொல்லும் சின்ன வண்டு கேமரூனிலிருந்து வரவழைத்தது. 1981 பிப்ரவரியில் ஜொகூரில் மாமோர் தோட்டத்தில் முதன்முதலாக விடப்பட்டது. எள்ளை விடக் கொஞ்சம் பெரிது. மலேசியத் தோட்டங்களில் பூவுக்குப் பூ போய்க்கொண்டிருந்த பெண்களின் வேலையைச் சம்பளம் கேட்காமல் செய்துவிட்டது. காய்ப்பு கூடியது. அதைப் பற்றி வேளாண் நூல்களில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். பவுடர் அடித்தவர்களைப் பற்றி அவற்றில் ஓரிரு வரிக்கு மேல் நான் பார்த்ததில்லை.

“சரி, கணக்கச் சொல்லுங்கக்கா.”

“வாளியில பதினாறு, கம்பியில ஒன்னு. பதினேழு.”

“ஆம்பள?”

“ஆறு. பொம்பள பதினொன்னு.”

வாசனைக்கு மயங்கி வருவதில் பெரும்பாலும் பெண் வண்டே அதிகம். மண்டோர் எழுதிக்கொள்கிறார். அம்மா காலி வாளியைக் கம்பத்தில் மாட்டி, பை காய்ந்துவிட்டதா என்று விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, மேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் கம்பத்தை நோக்கி நடக்கிறார்.