ஓசையற்ற பாதை

அமைதி இருவகைப்படும். உழைத்துக் களைத்தோர் உறங்கும் வீட்டிலே நிலவும் அமைதி ஒன்று; வாழ்ந்தோர் வெளியேறிவிட்ட வீட்டிலே நிலவும் அமைதி மற்றொன்று. செவிக்கு இரண்டும் ஒன்றுதான். சிந்தைக்கு ஒன்றாகுமா?

இந்த வேறுபாட்டை நமக்கு உணர்த்தியது ஒரு சாலை. ஸ்பெயின் நாட்டின் கிழக்கே, அரகான் மாநிலத்தில், தெருவேல் என்றொரு மாவட்டம் உண்டு. அதன் கிழக்கோரத்து மலைநாட்டுக்கு மாயெஸ்த்ராஸ்கோ என்று பெயர். அங்கே, கர்கல்யோ என்னும் சிற்றூரின் அருகே தொடங்கி, ஏறியும் இறங்கியும், காந்தவியேஹா என்னும் ஊரை நெருங்கும் கணவாய் வரை 63 கிலோமீட்டர் செல்கிறது ஏ-1702 என்று எண்ணிடப்பட்ட சாலை. அதற்கு அண்மைக் காலத்தில் ஒரு புதுப்பெயர் சூட்டினர். உலகத்தார் அனைவரையும் அழைக்கும் நோக்குடன் ஆங்கிலத்திலேயே சூட்டினர்: 'சைலண்ட் ரூட்'. ஓசையற்ற பாதை! தலைவர்கள் பெயரால் சாலை உண்டு. ஊர்கள் பெயரால் சாலை உண்டு. அங்கே இருப்பதன் பெயரால் அன்றி, இல்லாததன் பெயரால் அழைக்கப்படும் சாலை இது.

மிதிவண்டியிலே நாம் இப்பாதையைக் கடந்தோம். எஹூல்வே என்னும் ஊரைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. கியரைக் குறைத்துக்கொண்டே போகிறோம். குறைப்பதற்கு இனியொன்றும் இல்லை என்னும் நிலை வருகிறது. மலை மட்டும் குறையவில்லை! பைன் மரங்களின் மணம், வெயிலிலே காயும் காட்டுச் செடிகளின் மணம், நம்முடைய மூச்சின் ஓசை, சங்கிலியின் ஓசை. வேறெதுவும் இல்லை. ஒரு மணி நேரத்தில் எதிர்ப்பட்ட கார்களை எண்ண ஒரு கையின் விரல்களே போதும். மிதிவண்டியைக் கடக்கும் வண்டி ஒன்றரை மீட்டராவது விலகிச் செல்லவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். இந்தச் சாலையிலோ, அச்சட்டத்தை மதிப்பதற்கும் மீறுவதற்கும் ஆளில்லை.

உச்சியிலிருந்து குவாதலோப்பே ஆற்றை நோக்கி இறங்குகையில், கைகள் பிரேக்கை விடாது பற்றியிருக்க, கண்கள் மட்டும் ஓடுகின்றன. மோந்தோரோவின் பாறைகள் எதிரே தோன்றுகின்றன. படுகிடையாகப் படிந்த சுண்ணாம்புப் பாறையை நிலத்தின் உள்விசை மடித்து நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறது. தேவாலயத்து இசைக்கருவியின் குழல்கள் வரிசையாக நிற்பது போன்ற தோற்றம்; ஆகவே 'ஆர்கன்' என்றே அப்பாறைகளுக்குப் பெயர் வைத்தனர். மேலே பிணந்தின்னிக் கழுகுகள் சிறகசைக்காமல் வட்டமிடுகின்றன. பார்த்து நின்றோம். மகிழ்ந்தோம். அதை மறைப்பானேன்?

ஆனால் மிதிவண்டிக்கு ஒரு குணம் உண்டு. மோட்டாரிலே விரைவோருக்கு மலை தெரியும். மெல்ல ஏறுவோருக்கு மலையிலுள்ள கற்கள் தெரியும். ஏற்றத்தில் நாம் நடப்பவனின் வேகத்திலே சென்றோம். அப்போது கண்ணில் பட்டவை சுவர்கள். மலைச்சரிவு முழுவதும், படிப்படியாக, சாந்தில்லாமல் கல்லின்மேல் கல்லடுக்கிக் கட்டிய சுவர்கள்! ஒவ்வொரு சுவருக்கும் மேலே ஒரு முழ அகலமோ இருமுழ அகலமோ கொண்ட வயல். ஆம், வயல், இன்று முள்ளும் புதரும் மண்டிக் கிடக்கும் வயல். சாந்தின்றிக் கல்லடுக்கும் அந்தக் கலையை 2018ஆம் ஆண்டு யுனெஸ்கோ மன்றம் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. நன்று. கலை ஏற்கப்பட்டது. கல்லை அடுக்கிய கைகள் எங்கே?

இதைக் கேட்கும்போதுதான் ஓசையற்ற பாதை பேசத் தொடங்குகிறது.

மலைச்சரிவுகளில் தனித்தனியே நிற்கும் கல்வீடுகளுக்கு 'மாசியா' என்று பெயர். வீடு, தொழுவம், களம், சுற்றிலும் நிலம் எல்லாம் சேர்ந்தது ஒரு மாசியா. அங்கே குடியிருந்து உழுதவன் 'மாசோவேரோ'. நிலம் பெரும்பாலும் அவனுடையது அன்று. உரிமையாளர் வேறொருவர். விளைந்ததில் ஒரு பங்கு அவருக்கு. உழைப்பு முழுவதும் இவனுக்கு! குளிர்காலத்துப் பனியிலும் கோடைக் காய்ச்சலிலும், அந்த ஒருமுழ வயலுக்காகச் சுவரெழுப்பியவன் இவன்தான்.

உள்நாட்டுப் போர் 1939இல் முடிந்தது. ஃபிராங்கோவின் சர்வாதிகாரம் நிலைத்தது. தோற்ற தரப்பினரில் சிலர் இந்த மலைகளிலே மறைந்திருந்து போரிட்டனர். இரவிலே அந்தப் போராளிகள் வந்து கதவைத் தட்டுவர்: "ரொட்டி கொடு!" பகலிலே காவற்படை வந்து தட்டும்: "ரொட்டி கொடுத்தாயா?" இரண்டு கேள்விக்கும் நடுவே நின்றவன் மாசோவேரோ. 1947இல் தெருவேலின் ஆளுநராகப் படைத்தலைவர் பிசாரோ வந்தார். போராளிகளுக்கு உணவு கிடைக்காமற் செய்ய ஒரு வழி கண்டார். உணவு விளைவிப்போனையே அப்புறப்படுத்துவது! மாசியாக்களைக் காலி செய்யுமாறு ஆணை பிறந்தது. குடும்பங்கள் இறங்கின. பிறகு சிலர் திரும்பினர், பலர் திரும்பவில்லை.

ஆணை துரத்தியது போக மிஞ்சியோரை வறுமை துரத்திற்று. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பார்சிலோனாவும் வாலென்சியாவும் சரகோசாவும் ஆலைகளைத் திறந்து அழைத்தன. மலையோ பள்ளியும் தரவில்லை, மருத்துவரையும் தரவில்லை, நிலத்தையும் தரவில்லை. போகாமல் என்ன செய்வர்? 1910இல் தெருவேல் மாவட்டத்தில் இரண்டரை இலட்சம் பேருக்கு மேல் வாழ்ந்தனர். இன்று சுமார் 1,34,000 பேர். சதுரக் கிலோமீட்டருக்கு ஒன்பது பேர்! வில்யர்லுவெங்கோ என்னும் ஊர் பாறையின் விளிம்பிலே ஓவியம்போல நிற்கிறது; அதிலே இருநூறு பேர்கூட இல்லை. அதன் கீழே ஆற்றோரம் ஓரிடத்துக்கு 'ஆலைகள்' என்றே பெயர். அங்கே ஒருகாலத்தில் ஆலைகள் இயங்கின. பெயர் நிற்கிறது, ஆலை இல்லை.

மிதிவண்டியின் வரலாற்றிலும் அந்தக் காலத்தின் சாயல் உண்டு. ஃபெதெரிக்கோ பஹமோந்தெஸ் என்னும் வீரரை அந்நாடு 'தொலேதோவின் கழுகு' என்று கொண்டாடியது. மலையேற்றத்தில் அவருக்கு நிகர் சிலரே. பிரெஞ்சு நாட்டுப் பெரும்பந்தயத்தில் ஆறுமுறை மலைவேந்தர் பட்டம் பெற்றவர். 1959இல் அப்பந்தயத்தையே வென்ற முதல் ஸ்பானியர். அந்தக் கால்கள் உரம் பெற்றது எங்கே? விளையாட்டுக் கூடத்திலா? அன்று. போருக்குப் பிந்திய பஞ்ச நாட்களில், வயிற்றுப்பாட்டுக்காக, கள்ளச்சந்தைப் பொருளை மிதிவண்டியில் ஏற்றிச் சுமந்த நாட்களிலே! இன்று நமக்குப் பொழுதுபோக்காக இருக்கும் ஏற்றம், அன்று ஓர் இளைஞனுக்கு அடுத்தவேளை ரொட்டி.

இந்த வெறுமைக்கு என்ன பெயரிடுவது என்பதிலேயே ஒரு போராட்டம் நடந்தது. 2016இல் செர்ஹியோ தெல் மோலினோ என்னும் எழுத்தாளர் ஒரு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பிலே இருந்த சொல் 'வாசியா'. வெற்று ஸ்பெயின் என்பது பொருள். நாடெங்கும் அச்சொல் பரவிற்று. சிற்றூர் மக்களோ அதில் ஓர் அசை கூட்டினர்: 'வாசியாதா'. வெறுமையாக்கப்பட்ட ஸ்பெயின்! முன்னது நிலையைக் கூறும் சொல். பின்னது செயலைக் கூறும் சொல். செயப்பாட்டுவினை வந்துவிட்டால், செய்தவர் யார் என்ற கேள்வியும் உடன் வந்துவிடும். இலக்கணம் அறிந்தோர் இதை எளிதில் உணர்வர். 2019 மார்ச் 31ஆம் நாள் அந்தச் சொல்லை ஏந்தியே மாட்ரிட் நகரின் வீதிகளில் சிற்றூர் மக்கள் திரண்டனர்.

தெருவேல் மக்கள் அதற்கு முன்பே விழித்திருந்தனர். 1999இல் அவர்கள் ஓர் இயக்கம் தொடங்கினர். அதன் பெயரே அதன் முழக்கம்: 'தெருவேல் இருக்கிறது'. தாம் உயிருடன் இருப்பதையே ஒரு மக்கள் முழக்கமாக எழுப்பவேண்டிய நிலையை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! இரயில் வேண்டும், மருத்துவம் வேண்டும், சாலை வேண்டும் என்றனர். இருபது ஆண்டு பொறுத்தனர். 2019 நவம்பரில் தேர்தலிலே நின்று, தொமாஸ் கிதார்தே என்னும் கட்டடக் கலைஞரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். 2020 ஜனவரியில் தலைமையமைச்சரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு வந்தது. ஆதரவு 167; எதிர்ப்பு 165. அந்த 167இல் ஒன்று தெருவேலின் வாக்கு. யாரும் எண்ணாத ஊர்களை அன்று நாடே எண்ணிற்று!

வேறொரு நாளும் நாடு இந்த மாவட்டத்தைப் பார்க்கிறது. தெருவேலின் தெற்கே ஹவலாம்ப்ரே மலையுச்சியில் ஒரு வானாய்வுக் கூடம் உண்டு. ஸ்பெயினைச் சுற்றிவரும் பெரும் மிதிவண்டிப் பந்தயம் 2019லும் 2023லும் அங்கே ஏறி முடிந்தது. ஒரு பிற்பகல் முழுவதும் தொலைக்காட்சி அம்மலையைக் காட்டிற்று. மறுநாள் பழைய அமைதி. ஆய்வுக் கூடத்தை அங்கே அமைத்ததன் காரணங்களுள் ஒன்று, அந்த வானத்தின் இருள். விளக்கேற்ற ஆளில்லாத நிலத்திலே விண்மீன்கள் நன்கு தெரிகின்றன. அழகுதான். ஆனால் அந்த இருளுக்கும் ஒரு வரலாறு உண்டு.

கணவாயைக் கடந்து, காந்தவியேஹாவும் தாண்டி, மதில்சூழ்ந்த மிராம்பெல் ஊருக்குச் சென்றோம். கென் லோச் என்னும் ஆங்கிலேய இயக்குநர் உள்நாட்டுப் போரைப் பற்றித் தாம் எடுத்து 1995இல் வெளியிட்ட 'நிலமும் விடுதலையும்' என்னும் திரைப்படத்தை இவ்வூரிலே படமாக்கினார். அதில் ஊரார் கூடி, நிலத்தைப் பொதுவாக்குவதா, அவரவரிடமே விடுவதா என்று வாதிடுவர். எல்லோரும் பேசுவர், எல்லோரும் கேட்பர். அந்தக் கற்களுக்கிடையே நடந்தபோது நமக்குத் தோன்றியது இதுதான்: நிலம் யாருக்கு என்ற கேள்வியைத் தீர்க்காமல் விட்டால், நிலம் வழக்காடுவதில்லை, ஆளற்றுப் போகிறது.

ஆயினும் அந்நாடு கைகட்டி நிற்கவில்லை. தெருவேலின் சிற்றூர்கள் பலவற்றில் ஒரே கூரையின்கீழ் ரொட்டிக் கடை, மளிகைக் கடை, காப்பிக் கடை எல்லாம் நடக்கின்றன. தனிக் கடையாக நின்றால் தாங்காது என்பதால், பொது ஆதரவுடன் ஒன்றாகச் சேர்த்து நடத்துகின்றனர். பிள்ளைகள் சிலரே உள்ள ஊர்களின் பள்ளிகளை ஒரு தொகுதியாக்கி, ஆசிரியர்களே ஊர் ஊராகச் சென்று கற்பிக்கின்றனர். அத்தகைய ஒரு கடையிலே நாம் காப்பி அருந்தினோம். முதியவர் ஒருவர் நம் மிதிவண்டியைத் தட்டிப் பார்த்து, "இங்கே அமைதியைத் தேடி வருகிறீர்கள். எங்களிடம் அது மிகுதியாக இருக்கிறது. எடுத்துக்கொண்டு போங்கள்!" என்றார். சிரித்தோம். நெடுந்தொலைவுக்கு அச்சொல் நம்முடன் வந்தது.

மலைச் சாலைகளில் செல்லவேண்டாம் என்று நாம் கூறவில்லை. செல்லுங்கள். ஆனால் பையிலே உணவை நிரப்பிக்கொண்டு ஊரைக் கடந்து ஓடாதீர்கள். ரொட்டியை அவ்வூரிலே வாங்குங்கள். இரவை அவ்வூரிலே கழியுங்கள். அது போதுமா? போதாது. பயணிகள் தரும் காசு கடைக்கு உதவும். மருத்துவரையும் இரயிலையும் அது கொண்டுவராது. அவற்றைக் கொண்டுவர வேண்டியது அரசு, கேட்கவேண்டியது மக்கள். அவர்கள் கேட்கிறார்கள்.

அந்தச் சாலையின் அமைதியை நாம் விரும்பினோம். அது கலையவேண்டும் என்று அதைவிட மிகுதியாக விரும்புகிறோம். பள்ளிவிட்ட பிள்ளைகளின் கூச்சலால், களத்துமேட்டுப் பேச்சால், திரும்பி வந்தோர் கதவு திறக்கும் ஓசையால், ஓசையற்ற பாதை என்ற பெயர் பொய்த்துப் போகட்டும்! அப்போதும் அந்த ஏற்றம் அதே ஏற்றமாகவே இருக்கும். மூச்சிரைக்க ஏறிச் செல்வோம்.