யார் கையைப் பிடித்து இழுத்தது?

முகூர்த்த நாளில் வடபழனி முருகன் கோயில் பக்கம் போனால், குழந்தைகளை யாரும் நடக்கவிடுவதில்லை. பட்டுப்புடவைக் கூட்டத்துக்கு நடுவே ஒற்றைக் கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே ஓடுகிறார்கள். அப்படித் தூக்கிய கைகளில் ஒன்றிரண்டு மதியத்துக்குள் தன்னிடம் வந்துவிடும் என்று எலும்பு வைத்தியர் ஒருவர் சொல்லியிருந்தார். ஆற்காடு சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது அவர் அறை.

எண்ணெய்ப் புட்டிகள், முருகன் காலண்டர், மூலையில் சீவிய மூங்கில் பத்தைகள். புத்தூர் கட்டு. திருத்தணிக்கு அந்தப் பக்கம், ஆந்திரப் புத்தூரை ஒட்டிய கிராமத்திலிருந்து கிளம்பிய தொழில். வேட்டைக்குப் போன கேசவ ராஜு அடிபட்ட முயலைப் பச்சிலையில் சுற்றிவைக்க, அது பிழைத்து எழுந்ததாம். முயல் கதையை நான் நம்பவில்லை. பச்சிலை விழுதும் முட்டை வெள்ளைக்கருவும் தடவித் துணி சுற்றி, மூங்கில் வைத்துக் கட்டினால் எலும்பு அசையாது என்பதை நம்புகிறேன்.

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு சினிமா ஸ்டண்ட்காரர். அவர்கள் யூனியனே இந்தப் பேட்டையில்தான். மணிக்கட்டு வீங்கி, வெற்றிலைக்காம்பு அளவுக்குக்கூட விரல் மடங்கவில்லை.

பதினொன்றரைக்கு ஒரு குடும்பம் நுழைந்தது. பையனுக்கு இரண்டரை வயது இருக்கும். வலது கை லேசாக மடங்கி, உள்ளங்கை உடம்பைப் பார்த்தபடி தொங்கியது. தொடாதவரை அழுகை இல்லை.

"விழுந்தானாம்மா?"

"இல்லண்ணா."

"நிஜமா? விழுந்திருந்தா சொல்லிடு, நான் தொடமாட்டேன்."

அந்தப் பெண் கொழுந்தனைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். "படியேறும்போது இவருதான் கையப் புடிச்சுத் தூக்கினாரு."

வைத்தியர் காறையெலும்பில் ஆரம்பித்து மணிக்கட்டுவரை விரலால் நடந்தார். வீக்கம் இல்லை. இடது கட்டைவிரலை முழங்கையில் பதித்து, வலது கையால் பிள்ளையின் கையைப் பிடித்து, உள்ளங்கையை மேலே திருப்பி மடக்கினார். 'டக்'கென்று ஒன்று, எனக்குக் கேட்கவில்லை, அவர் கட்டைவிரலுக்குக் கேட்டிருக்கிறது. பையன் அலறினான். வைத்தியர் ஒரு மிட்டாயை வலது பக்கமாகவே நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, அந்தக் கையாலேயே பிடுங்கிக்கொண்டான்.

முழங்கையில் ஆரை எலும்பின் தலையை மோதிரம்போல ஒரு நார் சுற்றியிருக்கிறது. ஐந்து வயதுக்குள் அது தளர்வு. இழுத்தால் நழுவி மூட்டுக்குள் சிக்கிவிடும். எலும்பு மருத்துவரும் இதே திருப்பைத்தான் திருப்புவார். ஆங்கிலத்தில் இதற்குப் பிள்ளை வளர்க்கும் ஆயாவின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். நம்மூரில் சித்தப்பா பெயரை வைக்கலாம்.

எலும்பையும் தசையையும் கையாலேயே சரிசெய்யும் ஆஸ்டியோபதியைத் தொடங்கிய அமெரிக்கர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில்லும் 'மின்னல்வேக எலும்பு வைத்தியர்' என்று விளம்பரம் செய்துகொண்டவர். 1864இல் மூளைக்காய்ச்சல் அவருடைய மூன்று பிள்ளைகளைக் கொண்டுபோனது. அன்றைய மருந்துகளில் நம்பிக்கை இழந்து, 1874இல் தன் முறையை அறிவித்தார். 1892இல் கர்க்ஸ்வில்லில் கல்லூரி திறந்தார். அங்கே அது பட்டமானது. இங்கே போர்டில் 'பரம்பரை' என்று மட்டும் எழுதியிருக்கிறது. வர்மப் புள்ளிச் சிகிச்சையும் தொக்கணம் என்னும் உடம்பு பிடித்துவிடலும் மட்டும் சித்த மருத்துவத்தோடு ஒட்டிக்கொண்டு, பக்கத்து அரும்பாக்கம் அண்ணா அரசு மருத்துவமனைவரை போய்விட்டன.

உள்ளறையில் வைத்தியரின் அம்மா உரம் எடுக்கிறார். கழுத்தைத் தாங்காமல் தூக்கினால் பச்சைப்பிள்ளைக்கு உரம் விழும், பால் குடிக்காமல் அழும் என்பார்கள். நைந்த பருத்திப் புடவையில் கிடத்தி, இரண்டு பேர் முனைகளைப் பிடித்து இப்படியும் அப்படியும் உருட்டுவது. நான் பார்த்த குழந்தை தூங்கியும் போனது. உரம் எடுபட்டதா, தூளி ஆட்டியதா? எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது. மேல்நாட்டில் அழுகிற கைக்குழந்தைக்கு ஆஸ்டியோபதி செய்கிறவர்களிடமும் இதைவிடத் திடமான பதில் இல்லை. பாட்டியிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது: முதலில் புறங்கையால் நெற்றியைத் தொடுகிறார். சுட்டால், "டாக்டராண்ட போ" என்று புடவையை மடித்துவிடுகிறார்.

ஸ்டண்ட்காரர் முறை வந்தது. வைத்தியர் மணிக்கட்டைத் தொடவே இல்லை.

"எக்ஸ்ரே எடுத்துனு வா."

"நாளைக்கு ஃபைட்டுண்ணே. சும்மா ஒரு கட்டு போடு."

"பிலிம் பாக்காம பத்தையே எடுக்கமாட்டேன்."

அவர் எழுந்திருக்கவில்லை. வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து, அடுத்தவருக்கு இடம் விட்டார்.